ஆமென் சொல்லாத மகனுக்கு

எட்வின்,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று இன்று காலை தோன்றியது. பத்து வருஷமாக நாம் இருவரும் பேசிக்கொண்டதெல்லாம் பஸ் எத்தனை மணிக்கு, உடம்பு எப்படி இருக்கிறது என்பதோடு சரி. மற்றதையெல்லாம் உன் அம்மா தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு நம் தேவராஜ மொஹல்லாவுக்கும் உன் ஹெப்பாளுக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கிறாள். மாதம் இரண்டு முறை சபைப் பெண்கள் கூட்டம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவாள். பெண்கள் கூட்டத்துக்கு யாரும் மீன் குழம்பு எடுத்துப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். கேட்டால் போவதை நிறுத்திவிடுவாளோ என்று கேட்காமல் இருந்தேன். அது ஒன்றுதான் இத்தனை வருஷத்தில் நான் உனக்காக உருப்படியாகச் செய்தது என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமை கிரேஸ் வந்திருந்ததை அவள் உன்னிடம் சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரி டியூட்டி முடித்த கையோடு குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை உன் அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. "மாமா, அடுத்த ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு ஞானஸ்நானமுங்க. அப்புறம் வீட்டுல சின்னதா ஒரு ஜெபம், சாப்பாடு. நீங்க கட்டாயம் வரோணும்" என்றாள். ஹனூரில் பிறந்தவர்களின் அந்த மரியாதைப் பேச்சு எனக்குப் பிடிக்கும். ஆனால் அன்று நான் வேண்டுமென்றே, "உன் புருஷன் கூப்பிடச் சொன்னானா, நீயா கூப்பிடறியா?" என்று கேட்டேன். "அவருதானுங்க சொன்னாரு. ஆனா ஒண்ணு மாமா, கோவிச்சுக்கப்படாது. நீங்க வரலாம், பாப்பாவைத் தூக்கலாம், வயிறு நெறையச் சாப்பிடலாம். ஜெபம் மட்டும் பேடாங்கிறாரு." சொல்லக் கஷ்டமான வார்த்தை வந்தால் அவள் கன்னடத்துக்குப் போய்விடுவாள், வேண்டாம் என்பதை என் முகத்துக்கு நேரே தமிழில் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. உன் அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "நல்லதாப் போச்சு. உங்க மாமா ஜெபம் ஆரம்பிச்சா சோறு ஆறிப்போகும். திரும்ப அடுப்புப் பத்தவைக்கணும்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

கோவிலிலிருந்து குழந்தை வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பெற்றவர் அதைக் கையில் வாங்கி ஜெபிப்பது நம் குடும்பங்களில் உள்ள வழக்கம். உன் தாத்தா உன்னை அப்படி வாங்கினார். அந்த இடத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், வேறு யாரோ என் பேத்திக்கு ஜெபம் பண்ண வேண்டும், அதை சபை முழுவதும் பார்க்க வேண்டும். கிரேஸ் போனதும் மேஜை முன்னால் உட்கார்ந்து உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். எம்.ஏ. படித்தவனுக்குக் குத்தலாக எழுதச் சொல்லித்தர வேண்டியதில்லை. நன்றாகவே வந்திருந்தது. நேற்று கோவிலுக்குப் போய்வந்தேன்; இன்று காலை அதை எடுத்து வாசித்துப் பார்த்தேன். அது கடிதம் மாதிரி இல்லை. என் பழைய ஜெபங்களில் ஒன்று மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உனக்குத் தெரிந்த என் ஜெபங்களைப் பற்றித்தான் சொல்கிறேன். மாலை ஆறரைக்கு விளக்கைப் போட்டு, பாய் விரித்து, ஒரு பாட்டுப் பாடி, ஒரு பகுதி வாசித்து, எல்லோரும் கண்ணை மூடியதும் நான் ஆரம்பிப்பேன். "ஆண்டவரே, இந்தச் சிறுவன் இன்று கணக்கு நோட்டை மறைத்து வைத்ததை நீர் கண்டீர்." "ஆண்டவரே, இந்த வீட்டில் சமையலறையில் நடந்த வீண்பேச்சுகளை நீர் கேட்டீர்." நேரே சொன்னால் நீ ஏதாவது பதில் சொல்வாய், உன் அம்மா சண்டைக்கு வருவாள். கண்ணை மூடியிருப்பவர்கள் பதில் பேச முடியாது. ஜெபத்தின் நடுவில் யாரும் எழுந்து போக முடியாது. முடிவில் எல்லோரும் ஆமென் சொல்லியாக வேண்டும். அதாவது, என்னைப் பற்றி அப்பா சொன்னதெல்லாம் உண்மைதான் என்று ஏழு வயதுப் பிள்ளை தன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். உன் அம்மா ஒருநாள் பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்: "நம்ம வீட்டு சமாசாரமெல்லாம் நீங்க போய்ச் சொல்லித்தான் ஆண்டவருக்குத் தெரியணுமா?" பக்தி இல்லாத பேச்சு என்று மறுநாள் அதையும் ஜெபத்தில் சேர்த்தேன்.

நான் அதைக் கண்டிப்பு என்று நினைத்திருந்தேன். கிறிஸ்தவத் தகப்பன் என்பவன் வீட்டுக்குப் போதகர் மாதிரி, பிள்ளைகளைக் குறித்துக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவன் என்று சபையில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது யோசித்தால், நான் பார்த்தது தகப்பன் வேலை இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவன் இருப்பான்; வாத்தியார் வந்து உட்கார்ந்ததும் ஓடிப்போய் யார் யார் என்ன செய்தார்கள் என்று கோள் சொல்வான். வாத்தியாராக முப்பது வருஷம் அப்படிப்பட்ட பையன்களைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன். வீட்டில் நான் அவனாகத்தான் இருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். அதை விட்டுவிட்டு எதை எழுதினாலும் நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய். ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாற்றிய வருஷம். எங்கள் பள்ளிக்கூடத்துப் பெயர்ப் பலகையில்கூட ஏணி போட்டு ஏறிப் புதுப் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்கள். உனக்குப் பதினேழு வயது, பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாய். மறுநாள் நம் வீட்டில் ஜெபக்கூட்டம். வருகிறவர்களுக்குக் கொடுக்கப் பழம் வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். நஞ்சன்கூடு வாழைப்பழம் இரண்டு பை. வெற்றிலைக் கடைகளைத் தாண்டி வெளியே வரும்போது நீ, "அப்பா, ஒண்ணு சொன்னா கோபப்பட மாட்டீங்களே?" என்றாய். சொல் என்றேன். "நீங்க ஜெபம் பண்றப்போ அந்தப் பக்கம் யாரோ கேக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியலப்பா. ஸ்டேஷன் மூடினப்புறம் ரேடியோல ஒரு இரைச்சல் வருமே, அது மாதிரிதான் இருக்கு. எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் அதுதான்."

நான் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். "பையை ஒழுங்காப் பிடி, பழம் நசுங்குது." அவ்வளவுதான். வீடு வரை நீ பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாய்.

மறுநாள் முப்பது பேர் வந்திருந்தார்கள். கூடத்தில் இடம் போதாமல் வாசல்படி வரை உட்கார்ந்திருந்தார்கள். போதகர் வந்திருந்தார், எங்கள் பள்ளிக்கூட நிர்வாகத்தின் செயலாளரும் வந்திருந்தார். கடைசி ஜெபம் வீட்டுக்காரனுடையது. நான் எழுந்து நின்று, என் ஜெபக் குரலில், "பிதாவே, இந்தக் கூரையின் கீழேயே அவிசுவாசம் புகுந்துவிட்டதை நீர் அறிவீர். நான் பெற்ற மகனே உம்மைக் காற்றில் வரும் இரைச்சல் என்கிறான்" என்று ஆரம்பித்தேன். ரேடியோவைக்கூட விடவில்லை. உன் பெயரைச் சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன். முடித்ததும் வீடு அதிர எல்லோரும் ஆமென் என்றார்கள். உன் குரல் அதில் இல்லை. நீ பேசப் பழகிய நாளிலிருந்து அந்தக் குரலை என் ஜெபங்களின் முடிவில் கேட்டுப் பழகியவன், முப்பது பேர் சத்தத்திலும் அது இல்லாதது எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணைத் திறந்தேன். இன்னும் எல்லோரும் தலைகுனிந்து கண்ணை மூடியிருந்தார்கள். நீ மட்டும் சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாயோ.

அதற்குப் பிறகு நடந்ததை நீதான் அனுபவித்தாய், நான் வேடிக்கை பார்த்தேன். சபையில் முழு அங்கமாகச் சேர்க்கும் திடப்படுத்தலுக்கு நீ இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கட்டும் என்றார் போதகர். கண்டவர்களெல்லாம் உன்னை நிறுத்திப் புத்தி சொன்னார்கள். வாலிபர் சங்கத்துப் பையன்கள் கோவில் வாசலில், "என்னடா ரேடியோ, இன்னிக்கு ஸ்டேஷன் கிடைச்சுதா?" என்று கூப்பிட்டதை என் காதாலேயே கேட்டேன். அவர்களைத் திட்ட வாயெடுத்தேன். அந்த வார்த்தையை அவர்களுக்குக் கொடுத்தவன் நான்தான் என்பதால் வாயைத் திறக்க முடியவில்லை. நீ டிப்ளமா முடித்தாய், ஹெப்பாளில் ஃபாக்டரியில் சேர்ந்தாய், அங்கேயே வீடு பார்த்துக்கொண்டாய். நான் உன்மேல் வருத்தப்பட்டேன் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். வருத்தம் இல்லை, கோபம். சபைக்கு முன்னால் ஆமென் சொல்லாமல் என்னை அவமானப்படுத்திவிட்டான் என்ற கோபம். உன் கல்யாணத்தில் பெரியவர் ஒருவர் என்னை ஜெபிக்கச் சொன்னபோது நீ குறுக்கிட்டு, "போதகர் பண்ணட்டும்" என்றாயே, அன்று அந்தக் கோபம் இரண்டு மடங்காயிற்று.

எனக்குக் கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியும். எனக்கு ஐந்து வருஷம் இளையவரைத் தலைமையாசிரியர் ஆக்கினார்கள். அவரோடு இன்றுவரை நான் காப்பி குடித்ததில்லை. தமிழ் ஆராதனையை விடியற்காலைக்குத் தள்ளிவிட்டுக் கன்னட ஆராதனைக்கு நல்ல நேரத்தைக் கொடுத்த கமிட்டியை இன்னும் மன்னிக்கவில்லை. இதையெல்லாம் நான் மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நம்பவும் வேண்டாம். ஆனால் இவற்றில் ஒன்றை மட்டும் உன்னிடம் அவிழ்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தலைமையாசிரியர் வேலைக்கு யார் என்று முடிவு செய்யவிருந்தது அந்த ஜெபக்கூட்டம் நடந்த வாரம்தான். செயலாளர் என் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். சொந்த மகன் என்றுகூடப் பார்க்காத பக்திமான் இவன் என்று அவருக்குக் காட்ட ஆசைப்பட்டேன். போகும்போது அவர் என் கையைப் பிடித்து, "நல்ல ஜெபம், ஸார்" என்றார். வேலையை மற்றவருக்குக் கொடுத்தார்கள். இது உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுத இதுவரை நான்கு முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நீ மார்க்கெட்டில் சொன்ன இரைச்சல் எனக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதே பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. என் ஜெபங்கள் ஏன் அவ்வளவு நீளமாக இருந்தன என்று நினைக்கிறாய்? நிறுத்தினால் அது கேட்டுவிடும். நான் உன் அன்றைய வயதிலிருந்து யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை நீ இரண்டு பை பழத்தோடு நடந்துகொண்டே என்னிடம் சொன்னாய், என்னை நம்பி. "எனக்கும் அப்படித்தான் இருக்குப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்று அந்த மார்க்கெட் வாசலில் இரண்டு பேர் சேர்ந்து நின்றிருப்போம். அதுவே ஒரு ஜெபமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

உன் தாத்தாவைப் பற்றி நான் உனக்கு அதிகம் சொன்னதில்லை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தச்சு வேலை செய்தார். அவருக்கு ஜெபிக்கத் தெரியாது என்று எனக்கு வெட்கம். பிள்ளைகள் ஐந்து பேர் பெயரையும் வரிசையாகச் சொல்வார், கடைசியில் எங்கள் அம்மா பெயரைச் சொல்வார், ஆமென். அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை கிடையாது. காலேஜில் சேரும்போது விண்ணப்பத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் நான் கிளார்க் என்று எழுதினேன். தச்சன் என்று எழுத வெட்கப்பட்ட கிறிஸ்தவன், பார். அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியத்தில் நீட்டினேன். வண்டிப் பெட்டிகளில் எழுதியிருப்பதை வாசித்து வாசித்து அவருக்கு எழுத்துக்கூட்ட வந்திருந்தது எனக்குத் தெரியாது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனார். அந்த வார்த்தையின்மேல் விரல் நின்றது. பிறகு அதன் கீழே தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று மாலை ஜெபத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பொய் வெளியே வரும் என்று காத்திருந்தேன். பெயர்கள் வரிசையாக வந்தன. என் பெயரும் வந்தது. மற்ற நான்கு பெயர்களைச் சொன்ன அதே குரலில் சொன்னார், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அடுத்த பெயருக்குப் போய்விட்டார். ஆமென் என்று நான் சத்தமாகச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. நல்ல தகப்பனுக்கு அடையாளம் என்ன என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தக் குரலைத் தவிர வேறு பதில் தெரியாது. அது என் வீட்டிலேயே இருந்தது. நான் அதைப் படிப்பறிவில்லாதவரின் ஜெபம் என்று ஒதுக்கிவிட்டுப் பிரசங்கிகளைப் பார்த்துப் பேசப் பழகினேன்.

நீ இப்போது ஒரு பெண்ணுக்குத் தகப்பன். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பாய், சரிதான். ஆனாலும் சொல்கிறேன், தவறு செய்தவனுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். அவள் என்றைக்காவது பையைத் தூக்கிக்கொண்டு உன் பக்கத்தில் நடந்து வரும்போது, "அப்பா, ஒண்ணு சொன்னா கோபப்பட மாட்டீங்களே?" என்பாள். அந்த நேரத்தில் நீ பழத்தைப் பற்றிப் பேசாதே. அவள் சொன்னதை யாரிடமும் கொண்டுபோகாதே, கிரேஸிடம்கூட. ஆண்டவரிடம் சொல்வதானால் கதவைச் சாத்திக்கொண்டு சொல், அதுவும் அவள்மேல் குறையாகச் சொல்லாதே. அவருக்கு அவளை உன்னைவிட நன்றாகத் தெரியும். அவளைத் திட்ட வேண்டியிருந்தால் அவள் கண்ணைத் திறந்திருக்கும்போது திட்டு, அவள் திருப்பிப் பேச இடம் கொடு. அவளுக்கு விசுவாசம் இல்லாமல் போய்விடுமோ என்று பயப்படாதே. எனக்கு அந்தப் பயம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் சபையில் என் பெயர் என்ன ஆகும் என்ற பயம்தான் இருந்தது. இந்த இரண்டு பயமும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஜாக்கிரதை. அப்பனைப் போல இருக்கக் கூடாது என்பதை மட்டும் வைத்துக்கொண்டும் பிள்ளை வளர்க்க முடியாது. என் அப்பாவைப் போல இருக்கக் கூடாது என்றுதான் நானும் ஆரம்பித்தேன்.

கிரேஸ் கொண்டுவந்த செய்திக்குப் பதில் இது. வருகிறேன். ஹெப்பாள் பஸ்ஸில் உன் அம்மாவோடு வருகிறேன், மீன் குழம்பை நானே பிடித்துக்கொள்கிறேன். குழந்தையை என் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். ஜெபம் பண்ண மாட்டேன். போதகரே பண்ணட்டும். உன் நிபந்தனையை நான் சகித்துக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதே. இந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் யாராவது ஒருவர் எனக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும், நீ சொன்னாய். எல்லோரும் கண்ணை மூடும்போது நான் மூடப்போவதில்லை. கையில் இருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மனதுக்குள் ஐந்தாறு பெயர்களைச் சொல்வேன், உன் பெயரும் அதில் வரும், மற்றவற்றைச் சொல்லும் அதே குரலில். அது யாருக்கும் கேட்காது. நீயும் கண்ணைத் திறந்திருந்தால், திறந்தே இருக்கட்டும். இந்த முறை நான் முதலில் பார்வையைத் திருப்ப மாட்டேன்.

இதன் கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடம் வந்துவிட்டது. உன் அன்புள்ள அப்பா என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன், தாளின் பின்பக்கம் அந்தத் தடம் தெரியும். இந்த வீட்டில் நான் எதை முடித்தாலும் நீ உடனே ஆமென் சொல்லியாக வேண்டும் என்று உன்னை வளர்த்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் இதுவும் முடிந்ததாகிவிடும், நீ பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். அதனால் போடவில்லை. எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும். தகப்பன் என்று அதன் கீழே எழுதலாமா என்பதை நீ சாவகாசமாக யோசித்துக்கொள், அவசரம் ஒன்றும் இல்லை. மார்க்கெட் முனைத் தபால் பெட்டியில் நாலு மணிக்கு எடுப்பார்கள். இதை இப்படியே, கையெழுத்து இல்லாமல், கொண்டுபோய்ப் போடப்போகிறேன்.